வரிசையில் நின்ற பை

எனக்கு வரிசை ராசி கிடையாது. நான் எந்த வரிசையில் போய் நிற்கிறேனோ, அதில் எனக்கு முன்னால் நிற்பவருக்கு அன்றைக்கென்று பார்த்து ஏதாவது ஒரு தாள் காணாமல் போகும். இல்லையென்றால் பாஸ்போர்ட் படத்தில் மீசை இருக்கும், முகத்தில் இருக்காது. பக்கத்து வரிசை சரசரவென்று நகரும். பொறுக்க முடியாமல் அதற்கு மாறினால், நான் விட்டுவந்த வரிசை ஓட ஆரம்பிக்கும். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பல வருஷமாகப் போய்வந்து கொண்டிருக்கிறேன். ஆகவே இதில் எனக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த முறை ராசியைக் குறை சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. அன்றைக்கு என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள். எங்கள் வீடுகளில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். அடுத்த இரண்டு முடிச்சையும் அவனுடைய உடன்பிறந்தவள் போட வேண்டும். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். பத்து நாள் முன்பே வந்திருக்க வேண்டியவள். வார்டில் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லி என் லீவை வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு இறங்கும் விமானம்தான் வாய்த்தது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். நான் வர முடியாமல் போனால் எனக்குப் பதிலாக முடிச்சுப் போட சித்தி மகளைத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள்: "நீ டென்ஷன் ஆவாத அக்கா. நீ வராட்டா நான் போடுகேன். அதுக்குன்னே பட்டு எடுத்தாச்சு." சின்ன வயதிலிருந்தே என்னுடையது எதுவாக இருந்தாலும் அவளுக்கு வேண்டும். என் ரிப்பனை எடுத்தாள், என் பென்சில் டப்பாவை எடுத்தாள். இப்போது முடிச்சுக்கு வந்துவிட்டாள்.

என்னோடு வந்தவர் என் வீட்டுக்காரர். வடசேரிக்காரர், பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது, இராஜாக்கமங்கலத்தில் பஸ்ஸை நிறுத்தி ஒரு துண்டு, ஒரு குடை, ஒரு வெற்றிலைப் பொட்டலம் ஆகிய மூன்றை வைத்தே ஏழு பேருக்கு இடம் பிடித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். என்னைக் கட்டியதைப் பற்றி அவ்வளவு பெருமையாக எதுவும் சொன்னதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விமானம் இறங்குவது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இறங்கிய நேரம் மூன்று விமானங்கள் ஒன்றாக இறங்கியிருந்தன. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வந்த மாதிரிக் கூட்டம். நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. எது முதலில் நகருகிறதோ மற்றவர் அதில் வந்து சேர்ந்துகொள்வது.

அன்றைக்கு அதிசயம் நடந்தது. என் வரிசை நகர்ந்தது! முக்கால் மணி நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டே பேர். இரண்டு பேர் முகத்திலும் படத்தில் உள்ள மீசை அப்படியே இருந்தது. அவரைக் கூப்பிடலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வரிசையில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் அவருடைய கறுப்புப் பை மட்டும் நின்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாத்ரூம் போயிருக்கிறார். இடம் போய்விடக் கூடாதே என்று பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வடசேரியில் சீட்டில் ஒரு கைக்குட்டை கிடந்தால்கூட யாரும் தொட மாட்டார்கள், தொட்டால் சண்டை. அந்தத் தைரியம். ஆனால் இங்கே பைக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் மெதுவாக இரண்டடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர் நாலடி போனார். ஒரு காவலர் வந்து குனிந்து காதை வைத்துக் கேட்டார். பை உறுமிக்கொண்டிருந்தது.

விசில் ஊதினார்கள். கயிறு கட்டினார்கள். "பின்னால் போங்கள், எல்லோரும் பின்னால் போங்கள்" என்று மூன்று மொழிகளில் சத்தம். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்த அந்த அருமையான வரிசை கண்ணெதிரே கலைந்தது. மூன்றாவதாக நின்ற நான் ஓடி ஒதுங்கிய கூட்டத்தில் கடைசி ஆளாக ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். அப்போதுதான் அவர் கையை உதறிக்கொண்டே பாத்ரூமிலிருந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், நடுவில் நின்ற தன் பையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலக் கையைத் தூக்கினார்.

"சாரே, அது எடம் பிடிச்சதாக்கும்," என்றார்.

இரண்டு பேரையும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். நாயைக் கொண்டுவந்து முகரவைத்த பிறகு பையைத் திறந்தார்கள். மேலே பட்டு வேட்டி, அதன் கீழே பேரீச்சம்பழம், தலைவலித் தைலம் ஆறு புட்டி. அடியில், மாப்பிள்ளைக்கென்று வாங்கிய முகம் மழிக்கும் மிஷின் தானாக ஆன் ஆகி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த துண்டில் பாதியை அது மழித்திருந்தது. நாய் பேரீச்சம்பழத்தைத் தவிர எதிலும் அக்கறை காட்டவில்லை.

விசாரித்த அதிகாரி வடக்கே இருந்து வந்தவர், இளைஞர், நல்ல மாதிரி. திட்டவில்லை. ஒரு தாள் எழுத வேண்டும், எழுதிவிட்டால் போகலாம் என்றார். மணி எட்டேகால். அவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் இல்லை என்று பதில் சொல்லிவிட்டு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, பிறந்த ஊர் "ராஜ்... காமங்... கலாம்" என்றார்.

எனக்கு இது ஒரு வியாதி. ஊர்ப் பெயரை யாராவது கொலை செய்தால் சும்மா இருக்க வராது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நோயாளியைத் திருத்தியிருக்கிறேன். "இராஜாக்கமங்கலம்," என்றேன். அவர் திரும்பவும் சொன்னார். திரும்பவும் திருத்தினேன். பிறகு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கல்யாண மண்டபம் ஒழுகினசேரியில். சொன்னேன்.

"ஓலுகின் செரி," என்றார்.

"ல இல்லை சார், ழ. நாக்கை இப்படி மேலே மடக்குங்க."

என் வீட்டுக்காரர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். "ஏட்டி, அவரு எப்படியும் சொல்லிட்டுப் போட்டும். நமக்குக் கல்யாணத்துக்குப் போவாண்டாமா?"

"நீங்க பேசாதீங்க. பை வச்ச ஆளு நீங்க."

அதிகாரி நாக்கை மடக்கினார். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு பல்லில் இடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவையில் ஏறக்குறைய வந்துவிட்டது. அவருக்கே சந்தோஷம், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினார். இதில் ஒரு ஐந்து நிமிஷம் போயிருக்கும். அதன் பிறகு மறுபடியும் வரிசை, மறுபடியும் கடைசி. வெளியே வந்து காரில் ஏறும்போது ஒன்பது தாண்டிவிட்டது.

காரில் நான் அவரோடு பேசவில்லை. அவர் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். வழி சொல்லும் போன்காரி ஒருத்தி களியக்காவிளையையும் தக்கலையையும் தன் இஷ்டத்துக்குக் கடித்துத் துப்பிக்கொண்டு வந்தாள். அவளைத் திருத்தக்கூட எனக்கு மனசில்லை. முன்னால் ஒரு தடி லாரி, அதற்கு முன்னால் ஒரு ஊர்வலம். பத்தரைக்குத் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, எங்க இருக்க?"

"தக்கலை தாண்டல மக்கா. நீ கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நான் பொறுப்பேன். ஐயரு கெடந்து சாடுகாரு. பதினொண்ணு வரைக்கும் பிடிச்சு வைக்கேன், நீ வந்துரு."

மண்டபத்து வாசலில் கார் நின்றது. கதவைத் திறக்கிறேன், கெட்டிமேளம் உள்ளே முழங்குகிறது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணத்துக்குப் போன எவருக்கும் தெரியும். சுடிதாரோடு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. நான் மேடைக்குக் கீழே போய்ச் சேரும்போது மேளம் நின்று, எல்லோர் கையிலும் அட்சதை தீர்ந்திருந்தது. மணப்பெண்ணின் பின்னாலிருந்து சித்தி மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பதினொன்று அடித்து நாலு நிமிஷம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் மூச்சு வாங்க வந்து நின்று, "எல்லாம் என்னால வந்ததுதாம்ட்டி," என்றார். அவரைக் கரித்துக் கொட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. அவருடைய பை ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றது வாஸ்தவம். ஆனால் நான் தவறவிட்டது நாலு நிமிஷத்தில். ஒரு அதிகாரிக்கு நாக்கு மடக்கக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால் நான் அந்த மேடையில் இருந்திருப்பேன். இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் போய் என் செருப்பைத் தேடி எடுத்து வந்தார்.

மேடையில் வாழ்த்துச் சொல்லவும் போட்டோ எடுக்கவும் நீளமாக வரிசை. மாப்பிள்ளையின் சொந்த அக்கா, அதில் போய்க் கடைசியாக நின்றேன். யாரோ பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும், அவன் கழுத்து மாலையோடு எட்டிப் பார்த்து, "அக்கா, நீ என்ன அங்க நிக்க? இங்க வா!" என்று கத்தினான். ஏறிப் போனேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சு வச்சுப் பாத்தேன்க்கா, முடியல," என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

மணப்பெண்ணை நான் அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன். சின்னப் பெண், பூவின் கனத்தில் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னலையும் பூவையும் சேர்த்துக் கையால் தூக்கிப் பிடித்தாள். பிடரியில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"நீங்க ஒரு முடிச்சு போடுங்க மதினி," என்றாள்.

"மூணுதானே மக்களே கணக்கு," என்று பின்னாலிருந்து ஒரு அத்தை சொன்னாள். ஐயர் தட்சணையை மடியில் கட்டுவதில் மும்முரமாக இருந்தார், திரும்பவில்லை. போட்டோக்காரர் விளக்கை எங்கள் பக்கம் திருப்பினார். எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றிய கை, ஒரு கயிற்று நுனியைப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

"நல்லா இறுக்கிப் போடுங்க மதினி," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமலே. "முன்ன போட்டது லூசா கெடக்கு."

சித்தி மகள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். நான் இறுக்கிப் போட்டேன்.