கம்பி சுற்றிய எடைக்கல்

அப்பா ரைஸ்மில் பாய்லரில் பயர்மேன். உமியைத் தள்ளி நெருப்பை வளர்த்து, நெல் அவிக்க ஆவி கொடுப்பது அவர் வேலை. நானும் அம்மாவும் அதே மில்லில் களத்துக் கூலிகள். அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைப்போம். எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம்.

அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு வயலாட்கள் போராடியதில் அறுவடை நின்றது. மில்லுக்கும் நிலத்துக்கும் ஒரே முதலாளி. ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்ட மகான். மேடையில் ஏழை என்று சொல்லும்போதே அவருக்குத் தொண்டை கம்மிவிடும். போராட்டம் முடிந்ததும் நெல் மொத்தமாக வந்து குவிந்தது. மழை வேறு வரும்போலிருந்தது.

பாய்லரில் ஆவி மிஞ்சினால் தானே திறந்து வெளியே விட ஒரு வால்வு உண்டு. அதை அழுத்திப் பிடிக்க, நீண்ட கை ஒன்றில் இரும்புக் குண்டு தொங்கும். வால்வு அடிக்கடி திறந்தால் ஆவி வீணாகும், நெல் அவிவது தாமதமாகும். அதனால் முதலாளி தராசிலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லையும் அந்தக் கையில் கம்பியால் கட்டச் சொன்னார். சுற்றுவட்டார மில்களில் இதுதான் வழக்கம். சீசன் முடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள்.

"வெடிச்சிடுங்க" என்றார் அப்பா.

"பயமா இருந்தா கொடி புடிக்கிறவனோட போய் உக்காரு."

அப்பா போகவில்லை. மறுநாள் பாய்லர் வெடித்தது. அப்பாவைச் சாக்கில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்தச் சீசனில் வேறு மில்களிலும் வெடித்திருந்தது. முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்து, காரணத்தை ஆராய்ந்து எல்லா மில்லுக்கும் பொதுவான பாதுகாப்பு விதி எழுத ஓர் இன்ஜினியரை அமர்த்தினார்கள். அவர் கிழிந்த தகடுகளைத் தட்டிப் பார்த்தார், அளந்தார். பயர்மேனின் கவனக்குறைவு என்று முதலாளி அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பழி எழுத்தில் ஏறிவிடக் கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை. மில்லை ஒட்டிய வாய்க்கால் சேற்றைத் துழாவி, வெடிப்பில் தெறித்துப்போன எடைக்கல்லைக் கண்டெடுத்தாள். கம்பி அறுந்தும் அதில் சுற்றியபடியே இருந்தது. சங்கக் கூட்டம் எங்கள் மில்லில் நடந்தபோது அதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள்.

"இதக் கட்டச் சொன்னது அவருங்க. எங்க வீட்டுக்காரர் மேல பழிய எழுதிப்புடாதீங்க, ஐயா."

இன்ஜினியர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களையும் பார்த்தார். அவர்களில் யார் வால்வில்தான் கல் தொங்கவில்லை? தன் முன்னால் தட்டிலிருந்த வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

விதியை உரக்க வாசித்தார்கள். வால்வில் எதையும் தொங்கவிடக் கூடாது, தொங்கினால் பயர்மேனே பொறுப்பு. கைதட்டினார்கள்.

முதலாளிக்கு இரக்கம் பொங்கியது. "பாவம், அஞ்சு கிலோ நெல்லு நிறுத்துக் குடுய்யா" என்றார் கணக்குப்பிள்ளையிடம். "நல்லவேள, காணாமப்போன கல்லும் கெடச்சிருச்சு."

கணக்குப்பிள்ளை அதே கல்லைத் தராசில் வைக்கப் போனார். முதலாளி தடுத்தார்.

"கம்பியக் கழட்டிட்டு வைய்யா. எட கூடிரும்."

வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. அம்மா முந்தானையை ஏந்தினாள்.