ஏழாம் எண் குடித்த பால்

“வெள்ளைக்காரன்ர மாட்டுக்கு மார்க் போடவோ தங்கச்சி, உம்மைப் பிளேன் ஏத்தி அனுப்பினவை?”

ஜெர்மனியில் என் காதில் விழுந்த முதல் தமிழ் அதுதான். கேட்டவர் யாழ்ப்பாணத்து அண்ணை. படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு, பிராங்பேர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் மலைச்சரிவில் இருந்த ஒரு பல்கலைக்கழகப் பண்ணையில் மேய்ச்சல் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் கால்நடை மருத்துவம் முடித்து, இறைச்சி மாடுகளின் வம்சத் தேர்வை ஆராய அங்கே போயிருந்தேன். “ஆமா, அதுக்குத்தான் அனுப்பினாங்க. வேணும்னா உங்களுக்கும் போடறேன்” என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘புரொபசர் அம்மா’.

எனக்குக் கர்வம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கன்றைப் பின்னாலிருந்து பார்த்துத் தொடைச் சதை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று சொல்வேன். இடுப்பில் உள்ளங்கையை வைத்து அகலம் சொல்வேன். நடக்கவிட்டு, முன்குளம்பு பதிந்த தடத்திலேயே பின்குளம்பு விழுகிறதா என்று பார்ப்பேன். பிறகு மூன்று தலைமுறைப் பதிவேட்டைப் புரட்டுவேன். கண்ணும் காகிதமும் ஒத்துப்போனால் எனக்குச் சந்தேகமே வராது.

அந்த அக்டோபரில் ஏழு மாதக் காளைக்கன்றுகளை வரிசையாகக் கட்டினார்கள். ஒன்று மட்டும் பொலிகாளையாகப் பண்ணையில் நிற்கும். மற்றவற்றைக் காயடித்துக் கொழுக்க வைப்பார்கள். பேராசிரியர் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஏழாம் எண்ணைக் காட்டினேன். பலகை மாதிரி முதுகு, மற்ற எல்லாவற்றையும் விட எடை. பன்னிரண்டாம் எண் நீளமான உடம்புதான். ஆனால் விலா ஒட்டியிருந்தது. அதன் தாய் வயதான, பால் குறைந்த பசு. “நல்ல கண்” என்றார் பேராசிரியர். அந்த இரண்டு சொற்களை அன்று முழுவதும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காயடிக்க மருத்துவர் வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை அண்ணை என்னைத் தேடி வந்தார். கேலி எதுவும் இல்லை.

“பிள்ளை, ஏழாம் நம்பர் ரெண்டு தாயிட்டப் பால் குடிச்சவன்.”

“என்ன சொல்றீங்க?”

“வசந்தத்தில ஒரு பசுவின்ர கண்டு செத்ததெல்லே. விதிப்படி அண்டைக்கே அந்தப் பசுவை மந்தையை விட்டுப் பிரிச்சிருக்கோணும். அது கத்தின கத்தலைக் கேக்க ஏலாமக் கிடந்தது. இவன் போய் முட்டினான், அதுவும் விட்டுது. நான் காயிதத்தில மட்டும் பிரிச்சனான்.”

“எத்தனை நாள் குடிச்சான்?”

“கோடை முழுக்க. வெளிய தெரிஞ்சா வேலை போகும், வேலையோட விசாவும் போகும். நீர் சொல்லுறதெண்டாச் சொல்லும். நான் மறிக்கேல்ல.”

ஆக, நான் மார்க் போட்டது வம்சத்துக்கு இல்லை, இரண்டு மடிப் பாலுக்கு. அந்தச் சதை பிள்ளைகளுக்குப் போகாது. பாதிப் பாலில் அவ்வளவு நீளம் வளர்ந்த பன்னிரண்டாம் எண்ணின் பிள்ளைகளுக்கு ஏதாவது போகலாம். ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு அதற்குப் பிள்ளைகளே இருக்காது. நான் வாய் திறக்காவிட்டால் அண்ணையின் வேலை தப்பும், என் நல்ல கண்ணும் தப்பும். ஞாயிறு முழுக்க வேலியோரமாக நடந்தேன். ‘சொல்லாதே’ என்று எதிர்த்து வாதாட ஒருவராவது இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

திங்கள் காலை பேராசிரியரிடம் போய், “என் தேர்வு தவறு. பன்னிரண்டையும் விட்டுவையுங்கள்” என்றேன். நான்கு நாளில் எது மாறியது என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. மருத்துவர் கைகழுவிக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்தபடி கதவருகே நின்ற அண்ணை, தன் உடைந்த ஜெர்மனில், பசுவின் எண்ணையும் கன்றின் எண்ணையும் சொல்லி, “நான்தான் விட்டேன்” என்றார்.

இரண்டு கன்றுகளும் தப்பின. அண்ணை தப்பவில்லை. மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டினார். மியூனிக்கில் தெரிந்தவர் ஒருவரின் தயவில் ஒரு ஓட்டல் சமையலறை வேலையும், அதோடு விசாவும் கிடைத்திருந்தன. பேருந்து நிறுத்தத்தில், “ஏன் புரொபசர் அம்மா, அண்டைக்கு வாயடைச்சு நிண்டனீர்? ஜெர்மன் மறந்துபோச்சோ?” என்றார். நான் அழுதேன். “மாட்டுக்கு அழும், எனக்கு அழாதையும்” என்று பேருந்தில் ஏறிவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவற்றின் கன்றுகளை எடை போட்டோம். ஏழாம் எண்ணின் பிள்ளைகள் சாதாரணம். பன்னிரண்டின் பிள்ளைகள் எடையில் முந்தின; கண்ணை நம்பாதவரும் தராசைப் பார்த்து நம்பியிருப்பார். என் தேர்வு தவறியதை, என் பெயரோடு, ஆய்வேட்டில் எழுதினேன். அதில் எனக்கு மிகவும் பெருமையான பக்கம் அதுதான்.

இப்போது ஜெர்மனியின் தெற்கே வேறொரு பண்ணையில் கன்றுகளின் பதிவு முழுவதும் என் பொறுப்பு. அன்று காகிதத்தை அப்படியே நம்பிய நான், இன்று ஒவ்வொரு வரியையும் வயலில் நின்றவர் யார் என்று கேட்டபிறகே நம்புகிறேன். சென்ற மாதம் எங்கள் கன்றுக் கொட்டிலுக்கு ஆள் தேவைப்பட்டது. சான்றிதழ் உள்ளவர்கள் மூவர் இருந்தார்கள். மியூனிக்குக்கு எழுதிக் கேட்டேன்; “வாறன்” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பரிந்துரைப் படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில், ‘ஒரு கன்று குடித்த பாலைப் பற்றி உண்மை சொன்னதற்காக வேலையை இழந்தவர்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டேன்.