மேஸ்திரியின் வலது முழங்கால்

போர்வையின் தட்டையான இடத்தை ஒரு கை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபி அறைக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது அதைத்தான். ஹனூர்ப் பக்கத்துக் கட்டட மேஸ்திரி அவர், நாற்பது வயதிருக்கும். சாரம் சரிந்து நசுங்கிய வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். அவர் தடவியது முழங்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தை.

"முட்டி கோணிக்கிட்டே நிக்குதுங்க தம்பி. எடுக்கறதுக்கு முன்னால யாராச்சும் நேரா வச்சிருக்கலாம்," என்றார்.

எனக்கு இடது முழங்காலில் ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஆலையில் மூட்டை தூக்கித் திரும்பியபோது உடம்பு திரும்பியது, ஊன்றிய பாதம் திரும்பவில்லை. தற்காலிக வேலை; பத்து நாளுக்குள் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். பிசியோதெரபி மேடமோ, தொடைச் சதை வலுத்தால்தான் ஜவ்வுக்குப் பாரம் குறையும், அதுவரை குந்தக் கூடாது என்று கன்னடம் கலந்த தமிழில் தினமும் சொல்வார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும்.

ஒரு நாள் மேஸ்திரி தன் வலப்பக்கம் என்னை உட்காரச் சொன்னார். அவர் மனைவி இருவர் கால்மேலும் ஒரே போர்வையை விரித்தார். என் இடது கால் அவருடைய வலது காலைப் போலவே தெரிந்தது. நான் அழுத்த, அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி எண்ணுவதற்குள் அவர் தோள்கள் தளர்ந்தன.

"நேராயிருச்சு," என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தினமும் அப்படியே செய்தோம்.

எட்டாம் நாள், வேலைக்குப் போக முடியுமா என்று பார்க்க, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குந்தினேன். முழங்காலின் உள்பக்கம் கொக்கி போட்டு இழுத்தது போல வலித்தது. சுவரைப் பிடித்து எழுந்து, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதவன் போல அறைக்குத் திரும்பினேன். மேஸ்திரியின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"இப்பக் குந்துனீங்களா தம்பி?" என்றார். குரலில் கோபமில்லை. "உள்பக்கமா இழுத்துதுங்களே."

மேடமிடம் கேட்டேன். கால் போனாலும் மூளைக்குள் கால் இருக்கும், கடைசியாக இருந்த நிலையிலேயே வலிக்கும் என்றார். மேஸ்திரியின் வலிக்கு அது காரணமாக இருக்கலாம். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு அல்ல.

வேலை போயிற்று. ஆனால் மூன்று மாதம், ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தேன். அக்கறையினால் அல்ல, பயத்தினால். மேஸ்திரி ஊன்றுகோலோடு ஊருக்குப் புறப்பட்ட காலையில் என் முழங்கால்மேல் கைவைத்து, "பாத்து வச்சுக்குங்க. ரெண்டு பேருக்கு ஆவணும்," என்றார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. சாமுண்டி மலைப் படிகளை நிற்காமல் ஏறுகிறேன். தினமும் காலையில் இரண்டு காலுக்கும் ஒரு சுற்று முடித்து, இடதுக்கு மட்டும் இன்னொரு சுற்று. ஏன் என்று மனைவி கேட்டால் எண்ணிக்கை தவறிவிட்டது என்பேன். சில காலைகளில், நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தத் தொடை தானாக இறுகி, முழங்கால் மெல்ல நிமிர்கிறது. நான் அசையமாட்டேன். மேஸ்திரி முடிக்கும்வரை காத்திருப்பேன்.