மழைக்குப் பூட்டும் பாதை

கால் கட்டைவிரலை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு நிற்கிறார் காசிமாயன். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருக்கிறார். அதன் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் மூக்கில் விழுந்து மீசையில் இரண்டாகப் பிரிகிறது. எதிரே சைக்கிளைப் பிடித்தபடி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வைத்தியர் நாடி பார்க்கும்போது சொந்தக்காரர்கள் நிற்பதுபோல நிற்கிறோம். அவர் விரலை எடுத்துப் பார்க்கிறார். நகம் முழுக்கச் சேறு.

"தூக்குங்கப்பா," என்கிறார்.

தூக்குகிறோம். சாப்பாட்டுத் தூக்கு ஹாண்டில்பாரில் ஆட, பெடல் விலாவில் இடிக்க, கப்பலூர்ப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற மனிதர்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கரடு ஏறுகிற காட்சியை மழைக்காலத்தில் யாரும் வந்து பார்க்கலாம்.

எங்கள் ஊருக்கும் கப்பலூருக்கும் நடுவில் அந்தக் கரடு கிடக்கிறது. மலை என்று சொன்னால் மலைகளுக்குக் கோபம் வரும். மேடு என்று சொன்னால் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கோபம் வரும். அதைச் சுற்றிப் போகிற வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். ஒரு தூற்றல் விழுந்தால் போதும், அந்த மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே புகுந்து சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுப்பதற்குள் பட்டறையில் சங்கு ஊதிவிடும். அதனால் எல்லாரும் கரட்டின் மேலே போகிற ஒற்றையடிப் பாதையில்தான் சைக்கிள் விடுகிறோம். பாறையைச் சுற்றி வளைந்து ஏறி, கண்மாய்க் கரையோடு இறங்கினால் ரோடு வந்துவிடும்.

பாதையைப் பார்த்துக்கொள் என்று காசிமாயனிடம் யாரும் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் அப்படி ஒரு பாதையே கிடையாது என்பார்கள். அவருக்கு வேலை, ஒரு பட்டறையில் வாஷர் அடிக்கிற மிஷினில். ஆனால் நாகமலைப் பக்கம் வானம் கருத்து, ஊரே வீட்டுக்குள் ஓடுகிற நேரத்தில் அவர் மம்பட்டியோடு வெளியே ஓடுவார். அவர் மனைவி ரெங்கம்மாள் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்கிறது. "எல்லா வீட்லயும் மழ வந்தா ஆடும் உள்ள வரும், ஆம்பளையும் உள்ள வருவான். எங்க வீட்ல ஆடு மட்டுந்தேன் வரும்."

பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி, ஓடி வருகிற தண்ணீரை ஓரத்துக்கு விரட்டுவார். பள்ளம் விழுந்த இடத்தில் சரளையைக் கொட்டி, தானியம் மிதிப்பதுபோல மிதிப்பார். கடைசியாகப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கருவேல முள்ளை இழுத்துப் போடுவார். முள் கிடந்தால் பாதையைப் பூட்டியாயிற்று என்று அர்த்தம். நடக்கலாம். உருட்டவும் கூடாது, ஓட்டவும் கூடாது.

"காஞ்ச மண்ணுல நாம சைக்கிளு மேல. ஈர மண்ணுல சைக்கிளு நம்ம மேல. அம்புட்டுத்தேன்."

ஏன் என்று கேட்பவர்களுக்கு விளக்கமும் உண்டு. "நீ பாட்டுக்கு ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவ. அடுத்த மழைக்குத் தண்ணி அந்தக் கோட்டப் பிடிச்சே வரும். அதுக்கடுத்த மழைக்கு ஓடையாயிரும். அப்புறம் நீ சைக்கிள வித்துட்டுப் பரிசல் வாங்கு." ஒருமுறை நான் கவிதைப் பத்திரிகை ஒன்றை விரித்தபடி பாறையடியில் ஒதுங்கியிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று ஒரு பக்கம் முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் பாதி பாதியா நிறுத்திட்டாய்ங்களே தம்பி. சரி, அந்தக் கல்ல எடுத்துக் குடு" என்றார்.

அவர் கூடவே வேலை பார்க்கிற பேச்சிமுத்து ஒருநாள் முள்ளை ஒதுக்கிவிட்டு ஈரத்தில் ஓட்டிப் போய்விட்டான். மறுநாள் காலையில் காசிமாயன் அவன் வீட்டு வாசலில் நின்றார். கையில் சுளகு. சுளகில் டயர்த் தடத்தோடு பெயர்த்தெடுத்த சேற்றுப் பாளம், அதிரசம் மாதிரி. அதை அப்படியே நீட்டினார். பேச்சிமுத்துவின் அம்மா பலகாரம் என்று நினைத்து வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் முள்ளைக் கண்டால் தூரத்திலேயே இறங்கிவிடுகிறான்.

கரட்டுக் கலெக்டர் என்று அவருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கலெக்டருக்கு மழையில் லீவு விடத்தான் தெரியும், தனக்கு மழையில்தான் வேலையே என்பார். எருமைகளிடம் மட்டும் அவர் சட்டம் பேசுவதில்லை. அவை போன பிறகு குழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே, எருமை வளர்ப்பவர்களைத் திட்டுவார்.

இந்த ஐப்பசியில் அவர் தங்கை அன்னக்கொடியின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அன்னக்கொடியைக் கட்டிக்கொடுத்த ஊர் கரட்டுக்கு அந்தப் பக்க அடிவாரம். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றும் மழைதான். காசிமாயன் வாய்க்கால் வெட்டிவிட்டு முழங்கால் சேறோடு போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒங்கண்ணனுக்குத் தங்கச்சி நீயா, கரடா?" என்று மாமியார் பாண்டியம்மாள் கேட்டாள். ஒருமுறை கேட்டிருந்தால் பரவாயில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம் கேட்டாள். இந்தத் தடவையும் தாய்மாமன் நல்ல நேரத்துக்கு வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்திவிடுவோம் என்று சொல்லியும் அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு அன்னக்கொடி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இது காசிமாயனுக்கும் தெரியும்.

சீரைச் சைக்கிளிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவானது. எங்கள் சைக்கிள்கள் போதாமல், திருமங்கலம் ரோட்டு முக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடுகிற சுலைமானிடம் ஐந்து எடுத்தோம். வண்டிகளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் சுலைமானும் கூடவே வந்துவிட்டார். பழத்தட்டு, தேங்காய், அரிசி மூட்டை, பாவாடை சட்டை, ஒரு கிடா. எல்லாம் தயார். முந்தின இரவு மழை கொட்டித் தீர்த்தது.

காலையில் கரட்டடியில் முள் கிடந்தது. விடியுமுன் அவரே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கட்டைவிரலை மண்ணில் அழுத்தினார். கிடாகூட மெல்லுவதை நிறுத்தியதுபோல இருந்தது. விரலை எடுத்தார். நகம் முழுக்கச் சேறு.

"அண்ணே, இன்னைக்கி ஒரு நா," என்றான் பேச்சிமுத்து. "ஒங்க தங்கச்சிண்ணே."

காசிமாயன் நகத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்தார். "தண்ணிக்கு என் தங்கச்சியத் தெரியாதுடா," என்றார்.

வண்டிப்பாதையில் சுற்றினால் கரிசலில் மாட்டி நல்ல நேரம் போய்விடும். சைக்கிள்களை அங்கேயே விட்டுப் போகலாம் என்று நான் மெதுவாகச் சொன்னதைச் சுலைமான் கேட்டுவிட்டார். டயரையும் டியூபையும் உருவிக்கொண்டு போக ஆள் இருக்கிறது, அப்புறம் ரிம்மைத்தான் வாடகைக்கு விட வேண்டும் என்று சத்தம் போட்டார். ஆகவே தூக்கினோம். பெண்கள் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் சைக்கிள்களைத் தோளில் போட்டுக்கொண்டோம். அரிசி மூட்டையைச் சுமந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். கிடா கையை வீசிக்கொண்டு நடக்காத குறையாக முன்னே போனது.

அந்தப் பக்கம் எங்களை எதிர்கொண்டு அழைக்கக் கொட்டுக்காரர்கள் அடிவாரத்தில் நின்றார்கள். கரட்டுச் சரிவில் தலை தலையாகத் தட்டுகளும் தோள் தோளாகச் சைக்கிள்களும் வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை நிற்கவில்லை. இந்த வட்டாரத்தில் தலையிலும் தோளிலும் ஏற்றிக் கொட்டோடு கொண்டுவருவது எதுவோ அதுதான் சீர். ஓட்ட வேண்டிய சைக்கிளை ஒருவன் வேறு எதற்காகத் தூக்கப் போகிறான்? பெண்கள் குலவை போட்டார்கள். பாண்டியம்மாளே சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். எங்கள் தோளிலிருந்து சைக்கிள்களை இறக்கி, பழத்தட்டுகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு ஹாண்டில்பாருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். என் சைக்கிள் மணிக்கும் வைத்தார்கள்.

"நம்பரு என்னத்துக்குப்பா போட்டிருக்கு?" என்று பாண்டியம்மாள் சுலைமானின் வண்டி ஒன்றைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

"கூட்டத்துல தொலைஞ்சிறக் கூடாதுல்ல அயித்த," என்றான் பேச்சிமுத்து.

உண்மையைச் சொல்லக் காசிமாயன் வாயைத் திறந்தார். அப்போது அன்னக்கொடி பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். சைக்கிள் வரிசையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். காசிமாயன் வாயை மூடிக்கொண்டார்.

நல்ல நேரத்தில் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து, அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே காது குத்திக்கொண்டது. பாண்டியம்மாள் பச்சைக் கரை போட்ட பட்டுத் துண்டு ஒன்றைத் தன் கையாலேயே அவர் தோளில் போட்டாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுலைமான் காதோரம் வந்து குனிந்தார்.

"காசிமாயண்ணே, என் வண்டி அஞ்சும் பொட்டு வச்சிக்கிட்டு நிக்குது. நான் நாளைக்கி எத வச்சிக் கடையத் தெறக்குறது?"

காசிமாயன் எழுந்து போய்த் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, தங்கையின் புருசன் பால்பாண்டிக்கு முன்னால் நிறுத்தினார். மழையில் ஒருநாளும் நனையாத, வீட்டுக்குள் ரெங்கம்மாளின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தூங்குகிற சைக்கிள் அது. "மாப்ள, இத நீங்க வச்சிக்கிரணும். இதுதேன் நல்ல வண்டி," என்றார். இவ்வளவு சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று பாண்டியம்மாளும் அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். மகனுக்கு ஒன்று போதும், மற்றவை கொண்டுவந்த சனத்துக்கே ஆகட்டும் என்று பெருந்தன்மையாக அறிவித்தாள். சீர்த்தட்டை வெறுமையாகத் திருப்புவது வழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு சைக்கிள் கேரியரிலும் ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கட்டினார்கள். வாடகை வண்டிகளில் கட்டிய ஐந்து தேங்காய்களும் சுலைமானுக்குத்தான், வண்டி அவருடையது.

சாயங்காலம் கிளம்பினோம். மத்தியானமும் ஒரு பாட்டம் பெய்திருந்தது. அடிவாரத்தில் காசிமாயன் வழக்கம்போல விரலை அழுத்திப் பார்த்தார். நாங்கள் கேட்காமலே தேங்காயோடு சேர்த்துத் தூக்கினோம்.

பின்னால் மணிச்சத்தம் கேட்டது. எங்களை வழியனுப்பப் பால்பாண்டி புதிதாகக் கிடைத்த சைக்கிளில் ஏறி, மிடுக்காக மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் அன்னக்கொடியும் அவள் மாமியாரும், பெண்கள் கூட்டமும். முன்சக்கரம் கரட்டுப் பாதையின் வாயை நெருங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் எல்லாரும் காசிமாயனைப் பார்த்தோம். ஈர நாளில் ஊர்த் தலைவரையே சைக்கிளைவிட்டு இறக்கியவர், தபால்காரரை இறக்கியவர். "மாப்ள," என்றார்.  பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்ல முடியாது. அதுவும் சீராகக் கொடுத்த சைக்கிளிலிருந்து, கொடுத்த அன்றைக்கே. அன்னக்கொடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசிமாயன் ஓடினார். தோளிலிருந்த பட்டுத் துண்டை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் நீளமாக விரித்தார். சக்கரம் துண்டின் மேல் ஏறியது. சுலைமான் ஒரு கணம் பார்த்தார். தேங்காய் கட்டிய சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து எறிந்தார். காசிமாயன் அதைப் பிடித்து அடுத்ததாக விரித்தார். பின்னாலிருந்து குலவை எழுந்தது. மாப்பிள்ளைக்கு மச்சான் நடைபாவாடை விரிக்கிறான் என்று பாண்டியம்மாள் யாருக்கோ உரக்கச் சொன்னாள். பால்பாண்டி மீசையை நீவிக்கொண்டு, மரியாதையை அவசரப்படுத்தாமல், இன்னும் மெதுவாக மிதித்தார்.

பின்சக்கரம் கடந்ததும் காசிமாயன் பட்டுத் துண்டைத் தூக்கினார். சேறேறிய பச்சைக் கரையை அவர் பார்க்கவில்லை. அது கிடந்த இடத்தில் குனிந்து, கோடு விழுந்திருக்கிறதா என்று மண்ணைப் பார்த்தார். உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, துண்டோடு முன்னால் ஓடினார்.