மூலையில் மை தடவிய கடிதம்

1946 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. தா.பழூரில் எங்கள் வீட்டு வாசலில் தபால்காரர் ஒரு கடிதத்தைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார். உறையில் இருந்ததோ அம்மாவின் பெயர். அது எவருக்கும் தவறாகப் படவில்லை. ஒன்பது வயதான எனக்குப் பட்டது.

மலாயாவிலிருந்து சித்தி எழுதியிருந்தாள். யுத்தத்துக்குப் பின் வந்த முதல் கடிதம். உறையின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. அப்படி வந்தால் சாவுச் செய்தி. வீட்டுக்குள் கொண்டுபோகாமல் தெருவிலேயே படித்து, கிழித்தெறிந்துவிட்டுக் குளிக்க வேண்டும்.

பெரியப்பா தம்பி மனைவியிடம் நேராகப் பேசமாட்டார். கதவோரம் நின்ற அம்மாவுக்கு என் மூலம் சொன்னார்: "உங்க சித்தப்பன் சயாம் ரயில்ரோட்டு வேலையில போயிட்டானாம்டி. ஆத்தாள தலைக்கு ஊத்திக்கச் சொல்லு."

"தங்கச்சியும் புள்ளைங்களும் எப்படி இருக்காங்கன்னு கேளுடி," என்றாள் அம்மா.

"இருக்காங்களாம்."

இருபுறமும் நெருக்கி எழுதிய தாளுக்கு ஒரே வார்த்தை! தாளைத் திருப்பினார்; உதடு அசையாமல் கண்களை ஓட்டினார்; கிழிக்கத் தொடங்கினார்.

"பின்பக்கம் வாசிக்கலியே பெரியப்பா?"

"சாவு சேதிய காலட்சேபமா பண்ணச் சொல்ற? போடி, போய்க் குளி."

அண்ணன் எதிரில் வாய் திறவாத அப்பா, துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தார். கடிதம் எருக்குழியில் விழுந்தது, சித்தியின் விலாசத்தோடு. பதில் எங்கே போடுவது? அதைப் பற்றி அந்தச் சடங்குக்கு அக்கறையில்லை. குளத்துத் தண்ணீரில் முங்கியும் எனக்கு உடம்பு கொதித்தது.

மறுநாள் விடிந்ததும் எருக்குழியில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினேன். கிணற்றடியில் உட்கார்ந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அம்மாவுக்கு வாசித்தேன். விலாசம் கிழிபடாமல் தப்பியிருந்தது. பின்பக்கத்தில் சித்தி எழுதியிருந்தாள்: 'அக்கா, நானும் பிள்ளைகளும் அங்கே வந்து உங்களோடு இருக்கட்டுமா? பெரியவரிடம் கேட்டு எழுது.'

"பெரியப்பா இதக் கவனிக்கவே இல்லம்மா. கிழிக்கிற அவசரம்!"

அம்மா ஈரம் காயாத அந்தத் தாளை மடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய், அரிசிப் பானையில் வைத்தாள்.

"அவருக்குப் படிக்கத் தெரியும்டி," என்றாள். "நீ எழுது. கிளம்பி வான்னு எழுது."

அத்தனைக்குப் பிறகும் பெரியப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று, அவள் சொன்னது அன்று புரியாமல், அம்மாவின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதினேன். அந்தக் கோபத்தோடுதான் தபாலில் சேர்த்தேன்.