எங்களைக் கப்பல் ஏற விடாத நர்ஸம்மா

அது 1941-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளைஞ்சான் தெருவில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். மூன்றாவது பிரசவத்துக்காக ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவள். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்களைத் திரும்ப அழைத்துப் போக என் கணவர் லீவு போட்டு வந்திருந்தார். வந்தவர் முகமே சரியில்லை. இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா கப்பல்ல வர்றப்ப எல்லாம் இதே யோசனைதான். மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு அங்க காலம் தள்ள முடியாது. நீங்க இங்கயே இருங்க. நான் மாசாமாசம் அனுப்பறேன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் அவர் குமாஸ்தா. நம் ஊரில் அதே வேலைக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு பங்கு சம்பளம். ஊரில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். நாங்கள் குடியிருந்த மூன்றாவது மாடி ஒற்றை அறையும், ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாயும், வருஷத்துக்கு ஒரு தடவை ஏறும் வாடகையும் யாருக்குத் தெரியும்? பெரியவனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், அடுத்தவளுக்குப் பால் டின். ஊருக்கு ஒரு தடவை வந்து போனால் இரண்டு வருஷச் சேமிப்பு கடலோடு போய்விடும். பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து நானும் ஏதோ ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் தனியாக இருந்தால் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, நிம்மதியாகப் பணம் மிச்சம் பிடிக்கலாம். கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக இருந்தோம். பெரியவனுக்கு இரண்டு வயது நடக்கும்போது அவர் முதல் முறையாக லீவில் வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டுப் பையன் ஓடி வந்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்றான். அவர் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவே இல்லை. இனிமேல் பட்டினி கிடந்தாலும் ஒரே கூரைக்கடியில்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தவள் நான்.

"போனா எல்லாரும் போவோம். இல்லாட்டி நீங்களும் இங்கயே இருங்க" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே இறங்கி வந்தார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அந்த வருஷம் புதிதாக ஒரு கெடுபிடி வந்திருந்தது. தள்ளிப் போட்டால் பிறகு குடும்பத்தை உள்ளேயே விடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதுவும் என் பக்கம் சேர்ந்துகொண்டது. சண்டை எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது, நமக்கென்ன என்றுதான் நினைத்தோம்.

கப்பலில் டெக் டிக்கெட்டில், அதாவது திறந்த மேல்தளத்தில், போகிறவர்கள் அம்மை குத்திக்கொண்டதற்குச் சீட்டு காட்டவேண்டும். சீட்டு இல்லையென்றால் மதராஸ் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே இருந்தது. பிள்ளைகள் மூவருக்கும்தான் வாங்கவேண்டும். ரயிலுக்கு நாலு நாள் இருக்கும்போது திருச்சி கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அன்று காலை குழந்தையைத் தூக்கும்போதே உடம்பு கதகதவென்று இருந்தது. என் அண்ணி தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் மாதிரி இருக்கே, இன்னைக்கு வேணாமே" என்றாள். "தூக்கக் கலக்கத்துச் சூடு அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும். ஜட்கா காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது நல்ல தூறல். கைக்குட்டையை மழைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு முறை. தொட்டால் ஜில்லென்றிருக்க வேண்டும் என்பது என் யோசனை.

மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் குத்தி முடித்து, அவர்களை என் கணவர் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். கைக்குழந்தைகளுக்குத் தனி அறை. அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும். கறுத்த, உயரமான பெண்மணி, வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. குழந்தையை வாங்கினார், நெற்றியைத் தொட்டார். தெர்மாமீட்டரை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பார்த்துவிட்டுக் குழந்தையை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"நெத்தியைத் துடைச்சிட்டீங்க. கக்கத்தைத் துடைக்க மறந்துட்டீங்களேம்மா."

எனக்கு முகம் எரிந்தது. "லேசான சூடுதாங்க. நாலு நாள்ல ரயில். ரங்கூன் போறோம். நீங்க குத்திடுங்க" என்றேன்.

"காய்ச்சல் அடிக்கிற புள்ளைக்கு நான் குத்த மாட்டேன். பத்து நாள் கழிச்சு வாங்க."

"அப்ப குத்தினதா மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"டெக்குல நாலு நாள் மழையும் காத்துமா இருக்கும். இந்தப் புள்ளை தாங்காது. நான் எழுத மாட்டேன்மா."

கெஞ்சினேன். அழுதேன். பிறகு கோபம் வந்தது. குடும்பம் பிரியப்போகிறது, அதற்கு இந்த அம்மாள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாரே என்ற ஆத்திரத்தில், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். "உங்களுக்குன்னு ஒரு குடும்பம் குட்டி இருந்தா தெரியும் இந்தக் கஷ்டம்!"

அறையில் இருந்த மற்ற தாய்மார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். குழந்தையின் சட்டையைச் சரியாக இழுத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

என் கணவரின் லீவு முடிந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் இருந்தால் வேலை போய்விடும். "தை பொறந்ததும் யாராவது தெரிஞ்ச குடும்பத்தோட உங்களை வரவழைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் தனியாக ரயில் ஏறினார். பெரியவன் ரயில் கூடவே பிளாட்பாரம் முடியும்வரை ஓடினான்.

அவர் போன மறுநாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. பத்து நாள் அண்ணியும் நானும் மாற்றி மாற்றி மடியில் வைத்திருந்து காப்பாற்றினோம். புறப்பட்டிருந்தால் அந்த நாட்களில் நடுக்கடலில் இருந்திருப்போம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அந்த நர்ஸம்மாவின் மேல் வன்மம்தான் இருந்தது. குழந்தைக்குக் குணமான பிறகும் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

மார்கழியில் கோயில் ரங்க விலாச மண்டபம் முழுக்கக் கூட்டம். பகல்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கடையிலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார். அவர் அந்த நேரத்துக்கு வருகிற மனிதர் இல்லை. கையில் பேப்பர். ரங்கூனில் குண்டு போட்டிருக்கிறார்கள் என்றார். அதற்கு முன் என் கணவரிடமிருந்து இரண்டு கடிதம் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தை போயிற்று, மாசி வந்தது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணியோடு தினமும் திருச்சி ஜங்ஷனுக்குப் போவேன். ஊர்க்காரர்கள் சிலர் அங்கே கஞ்சியும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். வருகிற ஒவ்வொருவரிடமும் இன்ன மில், இன்ன பெயர் என்று விசாரிப்பேன். யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் என் வயதுப் பெண் ஒருத்திக்கு மோர் கொடுத்தேன். அவள் தோளோடு தூளி போலக் கட்டிய பழம்புடவை அப்படியே கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மோரைக் குடிக்காமல் என் இடுப்பில் இருந்த குழந்தையையே பார்த்தாள்.

"எத்தனை மாசம்?" என்றாள்.

"பதினொண்ணு."

"என்னோடதும் அதே மாசந்தான்" என்றாள். குழந்தையின் பாதத்தை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவளை வந்து யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நர்ஸம்மாவின் முகம் அப்போதுதான் முதல் தடவையாக வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

பங்குனியில் ஒரு காலை நேரம். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எலும்பும் தாடியுமாக ஒருவர் வந்து நின்றார். காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே திரும்பினேன். பெரியவன்தான் எனக்குப் பின்னாலிருந்து "அப்பா!" என்று கத்தினான். மாமா என்று சொன்ன அதே பையன், எனக்கு முன்னால் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

அவர் சொன்னதை இங்கே முழுக்க எழுத எனக்கு மனம் வரவில்லை. புரோம் என்ற ஊர் வரை கிடைத்த வண்டியில் வந்து, அங்கிருந்து மலை ஏறி இறங்கிக் கடற்கரை வரை நடந்து, படகு பிடித்துச் சிட்டகாங் சேர்ந்திருக்கிறார். வழியெல்லாம் காலரா. தண்ணீர் இல்லை. குளித்து ஓய்ந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசையாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"தனியா இருந்ததால வந்து சேர்ந்தேன். நீங்க கூட இருந்திருந்தா உங்களை விட்டுட்டு நான் ஒரு அடி எடுத்து வச்சிருக்க மாட்டேன். அஞ்சு பேரும் அந்த மலையிலயேதான்..." குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறு வாரமே தேங்காய், பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு, குழந்தையோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே அறை, அதே நர்ஸம்மா. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் காலில் விழப்போனேன். பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஐப்பசியில் வந்ததை, கெஞ்சியதை, ரங்கூனை, என் கணவர் நடந்து வந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, எனக்கு ஞாபகமே வரல. அப்ப கப்பலுக்குப் போறேன்னு தெனம் ரெண்டு பேராவது வருவாங்க. காய்ச்சல் புள்ளையா இருந்தா எல்லாரையும்தான் திருப்பி அனுப்புவேன்" என்றார்.

"நான் உங்களை ரொம்பக் கேவலமாப் பேசினேங்க. குடும்பம் குட்டி இருந்தா தெரியும்னு..."

அவர் சிரித்தார். "ஆமா, அதையும் நெறைய பேர் சொல்வாங்க" என்றார். பிறகு, "என் வீட்டுக்காரர் சிலோன்ல தோட்டத்துல கணக்கப்புள்ளையா இருந்தாரு. மூணு பேருமா இருந்து பார்த்தோம், சமாளிக்க முடியல. நானும் மகனும் திரும்பி வர இருந்தப்ப அவனுக்குக் காய்ச்சல். பரவாயில்ல, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு கெளம்பிட்டோம். ஊர் வந்து சேர்ந்தது நான் மட்டும்தான்" என்றார்.

என் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தி, "என்னம்மா, இன்னும் அம்மை குத்தவே இல்லையா? நல்ல ஆளு நீங்க!" என்று கடிந்துகொண்டார். கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே குத்திவிட்டார்.

நாங்கள் பிறகு ரங்கூன் போகவே இல்லை. சண்டை முடிந்ததும் மில்லிலிருந்து கூப்பிட்டு எழுதினார்கள். அவர் போகவில்லை. திருச்சியில் ஓர் அரிசி மண்டியில் வேலை. சம்பளம் பாதி. நான் தையலை விடவில்லை. அங்கேயும் ஒற்றை அறை, இங்கேயும் ஒற்றை அறைதான். பிள்ளைகள் மூன்றும் அப்பாவைத் தினமும் பார்த்து வளர்ந்தார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா, அங்கே கட்டுப்படியாகுமா என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்பார்கள். அவரவர் நிலைமைக்குத் தக்கபடி ஏதோ சொல்லி அனுப்புவேன். ஆனால் அப்படி யாராவது கேட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும், எங்கள் ஐந்து உயிரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைச் செய்ததையே மறந்துபோன அந்தப் பெண்மணியை நினைத்து, ஒரு நிமிஷம் கை குவித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.