ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு

உள்ளறையில் செம்பு உருண்டு விழும் சத்தம் கேட்டது. முன்னறையில் பேச்சு அப்படியே நின்றது.

"உள்ள யாரு இருக்கா?" சங்கரசுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தினார்.

"என் தங்கச்சி ஆறுமுகத்தாய் சார். அவ மாப்பிள்ள காரியம் முடிஞ்சதுலருந்து இங்கனதான் இருக்கா. தனியா விட மனசு வரல" என்றாள் முத்துராணி.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்தார். நாற்கரச் சாலைச் சுங்கச்சாவடியின் மக்கள் தொடர்பு அலுவலர் அவர். பாளையங்கோட்டைக்காரர், கெட்டவரில்லை. ஆனால் அவர் கொண்டுவந்திருந்த வேலை கெட்ட வேலை.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. ரோட்டுல வெளக்கு எரியாமத்தான் இந்தச் சாவுன்னு நாளைக்கு ஊர்ல மறியல்ங்காங்க. அதுக்கு முன்னால இது ஸ்பீக்கர்ல வந்தாகணும்" என்று செல்போனைப் பார்த்து மெல்லப் படித்தார். "மது அருந்திவிட்டுச் சாலையைக் கடந்ததால் தேவேந்திரன் என்பவர் உயிரிழந்தார். அந்த நிலை உங்களுக்கும் வர வேண்டாம்."

முத்துராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். தங்கையின் தாலி இறங்கி ஒரு மாதம் ஆகவில்லை. அந்தத் தாலியைக் கட்டியவனைக் குடிகாரன் என்று அவள் வாயால் ஊருக்குச் சொல்ல வேண்டுமாம்!

அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் மைக் கட்டிய ஆட்டோவில் முத்துராணிதான் வருவாள். "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று அவள் இழுத்துத் தொடங்கினால் போதும். களை பறிக்கும் பெண்கள் நிமிர்ந்துவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, செத்தவர் பெயர் காதில் விழும்வரை நின்ற இடத்திலேயே நிற்பார்கள். பெயர் கேட்காமல் ஓரடி எடுத்து வைப்பது செத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

அந்தக் குரலைக் கேள்விப்பட்டுத்தான் சங்கரசுப்பிரமணியன் அவளைச் சுங்கச்சாவடிக்கு அழைத்துப் போனார். மூன்று வருடமாக ஒலிபெருக்கிகளில் அவள் பேச்சுத்தான். "வாகன ஓட்டிகள் கவனிக்கவும், தலைக்கவசம் அணியவும், வரிசையில் வரவும்." மகள் பிரேமலதாவுக்கும் அங்கேயே கட்டணம் வசூலிக்கும் வேலை கிடைத்தது. தேவேந்திரன் மட்டும் விடாமல் கேலி செய்வான். "மதினி, நீங்க மைக்குல அதட்டுதீங்கல்லா, லாரிக்காரன் நிக்கானோ இல்லையோ, எங்க வீட்டுக் கோழி கூட்டுக்குள்ள போயிருது!"

வாழையிலைக் கட்டைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு எதிரே நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் தினமும் அவன் சாலையைக் கடப்பான். அங்கிருந்த விளக்கு எரியாமல் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. ஒரு நாள் அந்தி மங்கும் நேரத்தில் லாரி அவனை அடித்துத் தூக்கியது. அந்தச் சாவுக்கு மட்டும் முத்துராணியால் அறிவிப்புச் சொல்ல முடியவில்லை. ஆட்டோக்காரரே திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டு போனார்.

"அவரு குடிக்க மாட்டாரு சார். பீடிகூடக் கெடையாது."

"பின்ன எதுக்குக்கா நடுரோட்டுல போய் நிக்கணும்? நீங்களே பாருங்க" என்று செல்போனை நீட்டினார்.

கேமராவில் பதிந்த படம். சத்தமில்லை. மங்கலான வெளிச்சத்தில் தேவேந்திரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். பாதிச் சாலையைக் கடந்துவிட்டான். இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் ஓரம் வந்துவிடும். சட்டென்று நிற்கிறான். தலைத்துண்டை அவிழ்க்கிறான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவடி இருக்கும் திசையைப் பார்த்துத் தலை குனிகிறான்.

அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

"சார்..." செல்போனை அவர் பக்கமே தள்ளினாள். "புது அறிவிப்பு, முதத் தடவ போட்டது அன்னைக்குச் சாயந்தரந்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

அதட்டிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, மனசில் தைக்கிற மாதிரி சொல்லுங்கள் என்று அவர்தான் கேட்டிருந்தார். அவளும் யோசித்து, "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று தொடங்கி, அதே இழுவையில், அதே சோகத்தில் பேசிக் கொடுத்தாள். இடைவெளிகளில் சாலையைக் கடக்காதீர்கள் என்பதுதான் அந்த அறிவிப்பு. அதைப் பேசும்போது ஓர் உயிரையாவது காப்பாற்றப்போகிறோம் என்று எவ்வளவு பூரித்தாள்! ஐயோ, அந்தக் குரலைக் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்றல்லவா அவன் நின்றிருக்கிறான்! பெயருக்காகக் காத்துக்கொண்டல்லவா நின்றிருக்கிறான்!

உள்ளே தங்கை ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

வாயை மூடிக்கொண்டால் தேவேந்திரன் என்றென்றைக்கும் குடிகாரன். வாயைத் திறந்தால்? கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள், தான் தூக்கி வளர்த்த தங்கை. அவளுடைய பொட்டை அழித்தது எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"பேசிருவோமாக்கா? ஒரு நிமிஷ வேலை. பிரேமலதா நல்லாப் பாக்கா, மேனேஜருக்கு நல்ல அபிப்பிராயம்" என்றார் அவர். மிரட்டலாக நினைத்துச் சொன்னாரோ இல்லையோ, அது மிரட்டலாகத்தான் விழுந்தது.

செல்போனைக் கையில் வாங்கினாள். சிவப்புப் பொத்தான் மின்னியது.

"மது அருந்திவிட்டு..." குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினாள். மறுபடி உடைந்தது. செல்போனைக் கட்டிலில் வைத்தாள்.

"அவரு குடிக்கல சார். என் சத்தத்தக் கேட்டுத்தான் நின்னாரு." ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

சங்கரசுப்பிரமணியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அது முத்துராணியைப் பயமுறுத்தியது.

"அப்போ வெளக்கு எரியாதது காரணமில்லன்னு ஆகுது. அப்படித்தானக்கா?"

உள்ளறைக் கதவு திறந்தது. பொட்டில்லாத நெற்றியோடு ஆறுமுகத்தாய் வந்து நின்றாள்.

"படத்தக் காட்டுங்க."

"வேண்டாம்மா, நீங்க..."

"காட்டுங்கங்கேன்!"

அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். துண்டை அவிழ்க்கும் இடம் வந்ததும் திரையை விரலால் தடவினாள்.

"யாரு சாவுக்கோ மரியாத செய்ய நின்ன மனுசன குடிகாரன்னு சொல்ல வந்தீகளாக்கும்? வெளக்கு எரிஞ்சிருந்தா, நிக்கிற ஆளு லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்லா? நாளைக்கு மறியல்ல வந்து இந்தப் படத்தப் போடுங்க. நானே பக்கத்துல நின்னு சொல்லுதேன். எந்திரிச்சுப் போங்கய்யா."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாசலில் திரும்பி, "நாளையிலருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்க்கா. பிரேமலதா விஷயம் என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

முத்துராணி தங்கையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "தாயி... ஒண்ணு ரெண்டு அடிச்சிரு. திட்டிரு."

ஆறுமுகத்தாய் அடிக்கவில்லை. கொடியில் கிடந்த தன் சேலையை உருவி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கட்டி போற?"

"எங்க வீட்டுக்கு."

"நானும் வாரேன். தனியா எப்பிடி இருப்ப?"

"ஒம்மேல கோவம் இல்லக்கா. நீ வேணும்னா செஞ்ச?" அவள் குரல் வறண்டிருந்தது. "ஆனா நீ வாயத் தொறந்தா, அவுக துண்ட அவுத்துட்டு நிக்கது கண்ணுல வருது. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாத. ஒன் சத்தம் வேண்டாம்."

'ஏட்டி' என்று கூப்பிட முத்துராணியின் உதடு பிரிந்தது. சத்தம் வெளியே வந்துவிடக்கூடாதே என்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் வாசல்படியைத் தாண்டினாள். பின்னாலேயே அக்காள் எழுந்து வந்துவிடுவாளோ என்று ஒரு கணம் நின்றாள். பிறகு கதவைத் தன் பக்கமாக இழுத்துச் சாத்தினாள்.